இடப்பக்கத்துத் தடி

செப்டெம்பர் முதல் சனிக்கிழமை, நான் இருபத்தொரு இலையுதிர் காலம் வேலை செய்த வேட்டை நிறுவனத்தில் புதிய வழிகாட்டிகளுக்கு ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். ஓய்வு பெற்று மூன்று வருடமான என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நிறுவனத்தை இப்போது நடத்தும் மெலனி, தானியக் கொட்டகைக்குள் கதிரைகளைப் போட்டு, ஆறு பேருக்கு முன்னால் என்னை நிறுத்தினார். "இவர் சிவா. இருபத்தொரு வருசத்தில இவருடைய பொறுப்பில ஒரு விபத்துக்கூட நடந்ததில்லை" என்று அறிமுகப்படுத்தினார். ஆறு பேரும் கை தட்டினார்கள்.

அவர் பொய் சொல்லவில்லை. கடதாசியில் அப்படித்தான் இருக்கிறது.

காற்றின் திசையைப் பற்றிப் பேசத்தான் போயிருந்தேன். அந்தக் கைதட்டலுக்குப் பிறகு அது வாயில் வரவில்லை. றெஜானைப் பற்றிப் பேசினேன். அன்று திக்கித் திக்கிச் சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். அங்கே எல்லாரும் பேசுவது பிரெஞ்சு. என் காதில் அது எப்படி விழுந்ததோ, அப்படியே எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

மொன்றியலுக்கு வந்த புதிதில் பார்க் எக்ஸ்டென்ஷனில் நாலு பேரோடு ஓர் அறையில் இருந்தேன். காலையில் மெத்ரோ வாசலுக்கு ஒரு வான் வரும். ஏறினால், பாலம் தாண்டித் தென்கரையில் உள்ள தோட்டங்களில் இறக்கிவிடும். முட்டைக்கோவா வெட்டுவது, வெங்காயம் பிடுங்குவது. இரண்டு கோடை அப்படிப் போனது. இரண்டாவது வருடம் ஒக்டோபரில், பக்கத்துச் சோளக் காணியை வெட்டி முடித்திருந்தார்கள். அறுத்த தண்டின் அடித்தாள் மட்டும் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்து நின்றது. அதன் நடுவில் ஒரு மனிதர் தனியாக நின்று பிளாஸ்ரிக் வாத்துகளை ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டிருந்தார். நட்டுவிட்டுத் தூரப் போய்த் திரும்பிப் பார்ப்பார். வந்து இரண்டைப் பிடுங்கி வேறிடத்தில் குத்துவார். சாப்பாட்டு நேரம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கிட்டப் போய், எனக்குத் தெரிந்த கொஞ்சப் பிரெஞ்சில், "எல்லாம் ஒரே பக்கம் பாக்குது. உயிருள்ளது அப்பிடி நிக்காது" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப ஏன் சும்மா நிக்கிறாய்? திருப்பி நடு" என்றார்.

அவர்தான் றெஜான். அப்போது ஐம்பத்தைந்து வயதிருக்கும். விவசாயிகளிடம் அறுவடை முடிந்த காணிகளைப் பேசி எடுத்து, நகரத்திலிருந்து வருகிறவர்களை வாத்து வேட்டைக்குக் கூட்டிப்போகும் நிறுவனத்தில் தலைமை வழிகாட்டி. அடுத்த பருவத்திலிருந்து நான் அவருடைய ஆள்.

ஊரில் நாங்கள் தாரா என்று சொல்வது சிறியது. அதுவும் இங்கே காணிக்கு இரை பொறுக்க வரும். ஆனால் இந்த வேட்டைக்காரர்கள் காத்துக் கிடப்பது பெரிய வாத்துகளுக்கு. கறுத்தக் கழுத்தோடு வரும் கனடா வாத்தும், வடக்கிலிருந்து ஆயிரக்கணக்கில் இறங்கும் பனிவாத்தும். ஆற்றில் தங்கிவிட்டு, காலையில் சிந்திய சோளமணி தின்னக் காணிகளுக்கு வரும். அப்படி வருகிற வழியில் படுத்திருந்து சுடுவதுதான் வேட்டை.

முதல் மூன்று பருவம் நான் செய்தது சுமப்பதும் கழுவுவதும்தான். நாலாவதில் குரல் கொடுக்கப் பழகினேன். ஊதுகுழலை வாயில் வைத்து, பறந்து போகிறவற்றை இங்கே இரை இருக்கிறது என்று நம்பவைக்க வேண்டும். எனக்கு அது நன்றாக வந்தது. துவக்கை மட்டும் நான் ஒருநாளும் தொடவில்லை. தொடச் சொல்லி றெஜானும் கேட்டதில்லை. எந்த நாட்டிலிருந்து, எதைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று அவர் விசாரித்ததுமில்லை. துவக்குச் சூடு கேட்கும்போதெல்லாம் என் தோள் ஒருமுறை துள்ளும். முதல் நாளே அதைக் கவனித்துவிட்டு, மறுநாள் தன் காதுக் கவசத்தை என்னிடம் தந்தார். அவ்வளவுதான்.

அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். காணிக்கு வந்ததும் முதலில் ஒரு பிடி காய்ந்த சோளச் சருகைக் கசக்கிக் காற்றில் விடுவார். வாத்து எப்போதும் காற்றுக்கு எதிராகத்தான் இறங்கும். ஆகவே காற்று நம் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். அதைப் பார்த்துப் பொம்மைகளை இரண்டு கை விரித்ததுபோல நட்டு, நடுவில் இறங்குவதற்கு இடம் விடுவோம். அந்த இடத்தின் முனையில் வேட்டைக்காரர்கள் படுக்கும் கூடுகள் வரிசையாக வரும். தரையோடு தரையாக, மேலே மூடித் திறக்கும் சீலைக் கூடுகள். அவற்றின் மேல் அதே காணியின் தாளையே செருக வேண்டும். பக்கத்துக் காணித் தாள் கூடாது, நிறம் வேறாம். ஒரு கூட்டுக்கு அரை மணித்தியாலம் குந்தியிருந்து செருகுவார். அவசரப்படுத்தினால் பதில் சொல்லமாட்டார்.

கடைசியாகத் தடிகள். ஒவ்வொரு கூட்டின் இரண்டு பக்கமும் இடுப்பளவு உயரத்தில் ஒவ்வொரு மரத்தடி. படுத்திருப்பவர் எழுந்து சுடும்போது துவக்குக் குழல் அந்த இரண்டு தடிக்கும் இடையில் மட்டும்தான் திரும்ப முடியும். அதற்கு மேல் திருப்பினால் தடியில் இடிக்கும். தடி அறைந்ததும் வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் வெறும் துவக்கோடு எழும்பச் சொல்லி, இடம் வலம் திருப்பச் சொல்லி, இடிக்கிற சத்தத்தைக் காதால் கேட்பார். வந்திருப்பது நீதிபதியாக இருந்தாலும் சரி, கேட்டால்தான் அடுத்த கூட்டுக்குப் போவார்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒருமுறை மட்டும் ஒருவரின் துவக்கை வாங்கி வைத்தார். இணை விழுந்துவிட்டால், சிலவேளை மற்ற வாத்து திரும்பி வந்து, பொம்மைகளுக்கு மேலே தனியாகக் கத்திக்கொண்டு சுற்றும். அதைச் சுடுவது சட்டத்தில் பிழையில்லை. மிகவும் சுலபமும்கூட. அந்த மனிதர் குறி வைத்தார். றெஜான் எழும்பிப் போய்க் குழலின் மேல் கையை வைத்து, "இது வேண்டாம்" என்றார். அன்று அந்த மனிதருக்கு வேட்டை அதோடு முடிந்தது.

பத்தாவது பருவத்தில் எனக்கும் வழிகாட்டிச் சான்றிதழ் கிடைத்தது. அதே வருடம்தான் சென்னையில் காத்துக்கொண்டிருந்த என் மனைவி தயாவை இங்கே எடுப்பதற்கான விண்ணப்பமும் போட்டிருந்தேன். கலியாணம் முடிந்து இரண்டு வருடம். இதை றெஜானிடம் சொல்லியிருந்தேன். விண்ணப்பக் கடிதத்துக்கு வேலைச் சாட்சியாகக் கையெழுத்து வைத்தவரே அவர்தான்.

நவம்பர் நடுப்பகுதி. இரவு உறைபனி கொட்டி நிலம் இறுகியிருந்தது. அன்று நாலு வாடிக்கையாளர். அவர்களில் ஒருவர் தமிழர், தமிழ்நாட்டுக்காரர், நகரத்தில் பெயருள்ள டொக்டர். பத்து வருடத்தில் என் காணிக்கு வந்த முதல் தமிழர் அவர். வாகனத்திலிருந்து இறங்கியதும் என் முகத்தைப் பார்த்து, "தமிழா நீங்க?" என்று கேட்டார். எனக்குள் என்னவோ நிமிர்ந்தது. அவருடைய பையை நானே தூக்கிக்கொண்டு நடந்தேன்.

அவருக்கு இடப்பக்கக் கடைசிக் கூடு. அதிலிருந்து நாற்பது காலடி தள்ளி, காணி ஓரத்து வாய்க்காலில் றெஜான், விழுந்த வாத்தை எடுத்து வரும் நாயோடு படுத்திருப்பார். நாய் அசைந்தால் வாத்து கலைந்துவிடும் என்பதால் எப்போதும் அப்படித்தான். நான் வலப்பக்க முனையில் இருந்து குரல் கொடுத்து, சுடவும் நிறுத்தவும் கட்டளை சொல்ல வேண்டும். தடி அறைவது அந்தப் பருவத்திலிருந்து என் பொறுப்பு.

மூன்று கூட்டுக்கு அறைந்து முடித்தேன். டொக்டரின் வலப்பக்கத் தடியும் இறங்கிவிட்டது. இடப்பக்கத்தில் நிலம் கல்லாயிருந்தது. சுத்தியலால் நாலு தரம் அடித்தேன், தடி நுனி பிளந்தது. வேறு தடி வாகனத்தில் இருந்தது. போய் வரப் பத்து நிமிடம். கிழக்கு வெளுத்துவிட்டது, ஆற்றுப் பக்கம் முதல் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது.

"விடுங்க சார், பரவாயில்ல. முப்பது வருஷமா துப்பாக்கி பிடிக்கிறேன். எந்தப் பக்கம் திரும்பணும்னு எனக்குத் தெரியாதா?" என்று டொக்டர் சிரித்தார்.

என்னை ஒருவர் சார் என்று கூப்பிட்டது இந்த நாட்டில் அதுதான் முதல் தடவை. "சரி டொக்டர். இடப்பக்கம் வாய்க்காலில ஆள் இருக்கிறார், கவனம்" என்றேன்.

"தெரியும்ங்க."

வேறு யாராக இருந்தாலும் போய்த் தடி எடுத்து வந்திருப்பேன். ஒரு கியூபெக்காரரிடம் கூசாமல் சொல்லும் வார்த்தை, என் மொழி பேசிய பெரிய மனிதரிடம் வாயில் வரவில்லை. இதற்கு மேல் இதில் விளக்கம் ஒன்றுமில்லை.

வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, பன்னிரண்டு பதின்மூன்று கனடா வாத்துகள் தாழ்ந்து வந்தன. குரல் கொடுத்தேன். ஒருமுறை சுற்றி, கால்களைத் தொங்கவிட்டு, நடுவில் விட்ட இடத்துக்குள் இறங்கின. "சுடுங்கோ" என்றேன். மூன்று விழுந்தன. "நிறுத்துங்கோ" என்றேன். மூன்று பேர் துவக்கைத் திறந்து காட்டினார்கள். றெஜான் நாயை அவிழ்க்க வாய்க்காலில் எழுந்தார். அந்த நேரத்தில், விழுந்தவற்றில் ஒன்று செட்டையை அடித்துக்கொண்டு எழும்பி, தாளுக்கு மேலாக இடப்பக்கம் தாழப் பறந்தது. டொக்டரின் துவக்கில் ஒரு தோட்டா மிச்சம் இருந்தது. பறவையின் பின்னாலேயே அவருடைய குழல் திரும்பியது. அது திரும்புவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை இடித்து நிறுத்த அங்கே ஒன்றும் இருக்கவில்லை. என் வாயிலிருந்து சத்தம் வருவதற்கு முன் வெடித்துவிட்டது.

றெஜான் விழவில்லை. அப்படியே குந்தி, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். நாய் அவரைச் சுற்றிச் சுற்றி ஓடியது.

டொக்டர்தான் எனக்கு முதல் ஓடினார். பொத்தியிருந்த கையை மெல்ல விலக்கிப் பார்த்தார். தோட்டாவின் சிறு சன்னங்கள் இடப் பக்கக் கன்னத்திலும் நெற்றியிலும் கண்ணிலும் போயிருந்தன. ஒரு காகிதக் கோப்பையை வெட்டி, கண்ணில் அழுத்தாமல் மேலே கவிழ்த்துச் சுற்றிக் கட்டினார். முடிந்த பிறகு தாளுக்குள் உட்கார்ந்துவிட்டார். "நான்தானே வேணாம்னு சொன்னேன்… நான்தானே சொன்னேன்" என்று தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தார். அங்கே எனக்கு மட்டும்தான் அது விளங்கியது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். றெஜானின் முகத்தில் பாதிக்குக் கட்டு. நான் கதிரையை இழுப்பதற்குள் அவர் தொடங்கிவிட்டார்.

"விசாரிக்க அதிகாரி வந்தவன். இடப்பக்கத் தடி வேண்டாமெண்டு நான்தான் சொன்னனான் எண்டு சொல்லிப்போட்டன்."

"நீங்கள் சொல்லேல்லையே."

"எனக்குத் தெரியும் என்ன சொன்னன், என்ன சொல்லேல்லை எண்டு. உனக்கு வேலை இருந்தால்தான் உன்ர மனிசி வரலாம். நீ இதில ஒண்டும் கதைக்காதை."

"றெஜான்…"

"எனக்கு நித்திரை வருது" என்று மற்றக் கண்ணையும் மூடிக்கொண்டார்.

அந்த வார இறுதியில் டொக்டர் தொலைபேசியில் கூப்பிட்டார். "நான் போய் உள்ளதைச் சொல்லிடலாம்னு இருக்கேங்க. உங்களக் கேக்காம சொல்லக் கூடாதுன்னு தோணிச்சு. என்ன சொல்றீங்க?" என்றார்.

றெஜான் பொய் சொன்னது எனக்காக, நான் கேட்காமல் சொன்னது. அதை என்னால் தடுத்திருக்க முடியாது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் டொக்டருக்குப் பதில் சொன்னது நான். "அவர் சொன்னபடியே இருக்கட்டும் டொக்டர்" என்றேன். அவர் "சரிங்க" என்று வைத்துவிட்டார். பிறகு அவர் வேட்டைக்கு வந்ததே இல்லை.

றெஜானின் வழிகாட்டி அனுமதியை எடுத்துவிட்டார்கள். இடக் கண் போய்விட்டது. அடுத்த பருவம் தலைமை வழிகாட்டியாக என்னைப் போட்டார்கள். தயா மே மாதம் வந்து இறங்கினாள்.

அந்தப் பனிக்காலம் இரண்டு தரம் போய் அவரைப் பார்த்தேன். கட்டு அவிழ்த்திருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு காணிக் கதைகள் சொன்னேன். அவருடைய காணி, அவருடைய வேலை, அவருடைய நாய். நாயும் என்னிடம்தான் வந்திருந்தது. மூன்றாம் தரம் போக வெளிக்கிட்டு, வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். அதன் பிறகு போகவில்லை.

ஐந்தாறு வருடம் கழித்து ஒருநாள் தயாவிடம் முழுவதையும் சொன்னேன். அவள் இரவுச் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு, "எனக்காக எண்டு சொல்லிச் சொல்லி என்னிலை பழி போடாதேங்கோ. அவரைப் போய்ப் பாருங்கோவன். தடி அடிக்காதது ஒரு பிழை. போய்ப் பாக்காமல் இருக்கிறது ஒவ்வொரு நாளும் செய்யிற பிழை" என்றாள்.

ஓம், பேந்து போறன் என்றேன். போகவில்லை. என் பொறுப்பில் வந்த பதினொரு பருவத்தில் தடி இல்லாமல் ஒரு கூடும் இருந்ததில்லை. நானே அறைந்தேன், நானே இடித்துக் கேட்டேன். மெலனி சொன்ன அந்த நல்ல பெயர் அப்படி வந்ததுதான்.

இவ்வளவையும் கொட்டகையில் சொல்லி முடித்தபோது மெலனி தன் கடதாசிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின் வரிசையில் இருந்த ஒரு பெண், புதிய வழிகாட்டிகளில் ஒருத்தி, கையை உயர்த்தினாள். "பேந்து அவரிட்டைப் போய் இதைக் கதைச்சனீங்களா? அவர் என்ன சொன்னவர்?" என்று கேட்டாள்.

"பதின்மூண்டு வருசமா நான் அவரைப் பாக்கேல்லை" என்றேன்.

அந்த வாரமே விசாரித்தேன். அவர் அஹுன்ட்சிக் பக்கம், ஆற்றுக்குக் கிட்ட, முதியோர் தங்கும் கட்டடம் ஒன்றில் இருந்தார். என் வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபத்தைந்து நிமிடம்.

கதவு திறந்தே கிடந்தது. யன்னலோரக் கதிரையில் மெலிந்துபோய் இருந்தார். "பொன்ஜூர், றெஜான்" என்றேன்.

தலையைத் திருப்பவில்லை. "சிவா. உன்ர பிரெஞ்சு இன்னும் திருந்தேல்லை" என்றார்.

நான் ஆயத்தப்படுத்தி வைத்திருந்ததெல்லாம் குழம்பிவிட்டது. தடியைப் பற்றி, டொக்டரின் தொலைபேசியைப் பற்றி, கொட்டகையில் எல்லாருக்கும் சொன்னதைப் பற்றி, முன்னுக்குப் பின்னாகச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தடிக் கதை எனக்குத் தெரிஞ்சதுதானே. அதுக்காகவோ வராமல் இருந்தனீ?"

"ஓம்."

"நான் நினைச்சன், என்ர முகத்தைப் பாக்க உனக்கு ஏலாமல் இருக்கெண்டு. வந்த ரெண்டு தரமும் நீ நிலத்தைப் பாத்துக்கொண்டுதான் இருந்தனீ. யுத்தத்தில இப்பிடி முகங்கள் கனக்கப் பாத்திருப்பாய், பாவம், விடுவம் எண்டு நினைச்சன்."

பதின்மூன்று வருடமாக அவர் என்னைக் கோபிக்கவில்லை. எனக்காக இரங்கியிருக்கிறார். அதைக் கேட்ட பிறகுதான் அவருடைய முகத்தை நேராகப் பார்த்தேன். கன்னத்தில் சின்னச் சின்னப் பள்ளங்கள். இடப்பக்கம் கண்ணாடிக் கண். அவ்வளவுதான். பார்க்க முடியாதது ஒன்றும் அதில் இருக்கவில்லை.

"கார் ஓட வேண்டாமெண்டு எப்பவோ சொல்லிப்போட்டாங்கள். காணிப் பக்கம் கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லை. மெலனிக்கு நேரமில்லை, பாவம்" என்றார்.

ஒக்டோபர் கடைசியில் ஒரு காலை, என் காரில் அவரைக் கூட்டிக்கொண்டு பாலம் தாண்டிப் போனேன். காணிப் பாதையில் நிறுத்திக் கண்ணாடிகளை இறக்கினேன். சோளம் வெட்டியாயிற்று. வேட்டைக்காரர் யாரும் இல்லை. ஒன்பது மணியளவில் ஆற்றுப் பக்கமிருந்து பனிவாத்துகள் வந்தன. வானத்தின் ஒரு பக்கம் முழுக்க அதுதான். சுழன்று சுழன்று எங்களுக்கு முன்னால் தாளுக்குள் இறங்கின. காணியே வெள்ளையாகப் போனது.

றெஜான் முகத்தை வெளியே நீட்டிக்கொண்டிருந்தார். "கனக்க வருது போல கிடக்கு. எங்க இறங்குது?" என்றார்.

"உங்களுக்கு முன்னாலதான். தெரியேல்லையோ?"

"மிஞ்சின கண்ணும் மங்கிப்போச்சு. வெளிச்சம் தெரியும். வேறை ஒண்டும் பிடிபடாது." கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, ஒரு குறையும் இல்லாத குரலில், "ரெண்டு வருசம் முந்தி வந்திருந்தாயெண்டால் வெள்ளை தெரிஞ்சிருக்கும்" என்றார்.

ஓம் என்றேன். அவை இரை தின்று எழும்பிப் போகும்வரை அங்கேயே இருந்தோம்.